ஷாலினி சேராத கல்லூரி

1

மே மாதம் பிறந்தால் ஊரிலிருந்து எனக்கு வரும் போன்கள் கூடிவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கும். பல வருடங்களாகப் பேசாத உறவுக்காரர்கள்கூட அழைப்பார்கள். பெண் இத்தனை மார்க், பையன் இந்த குரூப், எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று கேட்பார்கள். நான் கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். செஞ்சியை விட்டுக் கிளம்பி கால் நூற்றாண்டு ஆகிறது. விழுப்புரத்தில் எந்தக் கல்லூரி நல்லது, திண்டிவனத்தில் எது புதிதாக வந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் கேட்பார்கள். வெளிநாட்டில் இருப்பவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று ஒரு நினைப்பு. முன்பெல்லாம் நானும் தெரிந்தவள்போல எதையாவது சொல்லிவைப்பேன். இப்போது சொல்வதில்லை.

போன வாரம் என் தங்கை பிலோமினாவுக்கு முதலாம் ஆண்டுத் திருப்பலி. அவள் வாழ்ந்த தொண்டூரில் விடியற்காலைப் பூசை என்றால் இங்கே எனக்கு அது முந்தின நாள் சாயங்காலம். தங்கையின் கணவர் அந்தோணி, போனை முன்வரிசை பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயிலின் கூரையும், சுற்றிக்கொண்டிருந்த ஒரு மின்விசிறியும்தான். சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். பிலோமினாவின் பெயர் நடுவில் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் யார் யாரோ. இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் சோறு வைத்திருந்தேன். தீயும் வாசனை வந்தும் எழுந்து போகத் தோன்றவில்லை.

மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

2

எனக்கு ஒரே மகள், டீனா. இங்கேயே பிறந்தவள். பிலோவுக்கும் ஒரே மகள், ஷாலினி. இருவருக்கும் ஒரே வயது. ஒரே வருடத்தில் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். டீனா ஜூனில், ஷாலினி அதற்குச் சில மாதம் முன்னால்.

டீனா பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, என் மகள் அடுத்த வருடம் காலேஜுக்குப் போகிறாள் என்று என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டி, பரவாயில்லை, ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டால் சீக்கிரம் வேலை கிடைத்துவிடும் என்று ஆறுதல் சொன்னாள். எதற்கு ஆறுதல் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து டீனாவிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த நாட்டில் காலேஜ் என்றால் தொழில் படிப்புக்கான இடம், பட்டம் படிக்கப் போனால் யுனிவர்சிட்டி என்றுதான் சொல்ல வேண்டுமாம். இத்தனை வருடம் இருந்தும் இதுகூடத் தெரியாதா என்று கேட்டாள். தெரியாதுதான். வேலூரில் நான் படித்து வாங்கிய நர்சிங் பட்டம் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பவும் பரீட்சைகள் எழுதித் தேறும்வரை வெறும் உதவியாளாகக் குளிப்பாட்டுகிற வேலைதான் செய்தேன். அந்த வருடங்களில் நான் கற்றுக்கொண்ட ஆங்கிலம் எல்லாம் முதியவர்களிடம் பேசுகிற ஆங்கிலம். காலேஜ் பற்றிய ஆங்கிலம் எனக்கு வரவே இல்லை.

டீனா எந்தெந்த யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டாள் என்று எங்களுக்குத் தெரியாது. பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார், பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, என் வீட்டுக்காரர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, தான் ஹாலிஃபாக்ஸ் போவதாகச் சொன்னாள். நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கும் கடற்கரை ஊர். விமானத்திலேயே பாதி நாள் போய்விடும். கடல் உயிர்களைப் பற்றிய படிப்பு. அதை இந்த ஊரிலேயே படிக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"இங்க கடல் இல்லம்மா" என்றாள்.

விடுதி எப்படி இருக்கும் என்று கேட்க அந்த யுனிவர்சிட்டிக்கு நானே போன் செய்தேன். மாணவியின் அனுமதி இல்லாமல் பெற்றோரிடம் எதையும் பேச முடியாது என்றார்கள். நான் அவளுடைய அம்மா என்றேன். அது புரிகிறது, ஆனாலும் முடியாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்.

அதே நாட்களில் தொண்டூரில் ஷாலினியின் படிப்பைப் பற்றிப் பேசாதவர்களே இல்லை. அந்தோணியின் அண்ணன் ஒன்று சொன்னார், கோயில் சாமியார் ஒன்று சொன்னார், பள்ளிக்கூட டீச்சர் ஒன்று சொன்னார், உரக்கடைக்காரர்கூட ஒரு யோசனை சொன்னாராம். ஒருத்தியிடம் நான் கேட்கவே கூடாது. இன்னொருத்திக்கு ஊரே சேர்ந்து சொல்கிறது. நான் இரண்டுக்கும் நடுவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

3

பிலோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குச் செஞ்சியில் கோட்டைக்குப் போகிற வழியில் வீடு. நைனா நெல் மண்டியில் எடை போடுகிற வேலையில் இருந்தார். அம்மா நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே இறந்துவிட்டாள். நான் வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பிலோ அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். என்னைவிட நல்ல மார்க். ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும் என்று இருந்தாள். படிக்கப் போகாதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நைனாவை யார் தூக்கி உட்காரவைப்பது என்று யாரோ கேட்டார்கள், அவ்வளவுதான். அவள் வீட்டோடு நின்றுவிட்டாள். நான் படிப்பை முடித்தேன், மஸ்கட்டுக்குப் போனேன், மாதாமாதம் பணம் அனுப்பினேன். நைனா அப்படியே ஒன்பது வருடம் இருந்தார். அவர் இறந்தபோது எனக்கு ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை. நான் போகவில்லை. பிலோதான் எல்லாவற்றையும் செய்தாள். அதற்கு அடுத்த வருடம் தொண்டூரில் விவசாயம் பார்க்கும் அந்தோணிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். நான் கனடாவுக்கு வந்துவிட்டேன்.

ஷாலினி பத்தாவது படிக்கும்போது பிலோவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது தெரிந்தது. பிறகு வாரத்துக்கு மூன்று நாள் விழுப்புரம் போய் டயாலிசிஸ். இதயமும் பலவீனம். அதனால் வேறு சிறுநீரகம் பொருத்துவதைப் பற்றிப் பேசவே டாக்டர்கள் தயங்கினார்கள். நான் எத்தனையோ பேரை அந்த நிலையில் பார்த்தவள். தொண்டூரிலிருந்து அனுப்பும் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் போனில் பெரிதாக்கிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, நல்லா இருக்குது, மருந்தை மட்டும் விடாதே என்று சொல்லுவேன்.

ஷாலினிக்குக் கோயம்புத்தூரில் விவசாயப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்தது. அவள் ஆசைப்பட்டுக் கேட்ட படிப்பு. சின்ன வயதிலேயே வேர்க்கடலைச் செடியில் பூச்சி விழுந்த இலையைப் பறித்து டப்பாவில் போட்டு வைத்து, என்ன பூச்சி என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் விடமாட்டாள் என்று அந்தோணி சொல்லுவார். அந்த இடம் சுலபத்தில் கிடைக்கக்கூடியது இல்லை. நான் இங்கே கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பிலோ கூப்பிட்டாள். குரலில் மூச்சு வாங்கியது.

"அவ போவ மாட்டேங்குறாக்கா. செஞ்சி காலேஜுலயே சேந்துக்கறேன்னு நிக்கிறா. நீ வந்து சொல்லு. நீ சொன்னா கேப்பா."

4

டீனாவின் பள்ளி நிறைவு விழா முடிந்ததும் ஜூலையில் கிளம்பினேன். அவளையும் கூப்பிட்டேன். கோடை விடுமுறைக்கு ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், வர முடியாது என்றாள்.

பிலோவை நான்கு வருடம் கழித்துப் பார்த்தேன். முகம் கறுத்து, கால் வீங்கியிருந்தது. இடது கையில் ஊசி ஏற்றும் நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. நான் அதன்மேல் விரலை வைத்துத் துடிப்பைப் பார்த்தேன். நர்ஸ் வேலையை ஆரம்பிச்சிட்டியா என்று சிரித்தாள். அன்று முழுவதும் இருவரும் பழைய கதையாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஷாலினியைப் பற்றி மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வேலைக்கு என்னைத்தான் வரவழைத்திருந்தாள்.

மறுநாள் ஷாலினியும் நானும் சான்றிதழ் விஷயமாகச் செஞ்சிக்குப் போனோம். ஒரு சான்றிதழில் அம்மா பெயர் பிலோமினா, இன்னொன்றில் பிலோமினாள். கோயம்புத்தூரில் சேர்ந்தாலும் சரி, செஞ்சியில் சேர்ந்தாலும் சரி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு தாள் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. தாலுகா ஆபீஸுக்குப் போனால் இ-சேவைக்குப் போகச் சொன்னார்கள். வெயிலில் இரண்டுக்கும் நடுவே அலைந்தோம். பஸ் ஸ்டாண்டில் எதிரே பார்த்தால் ராஜகிரி மலை தகதகவென்று காய்ந்துகொண்டிருந்தது. நான் விடுதி பற்றி, படிப்பு முடித்தால் வரும் வேலை பற்றி, தனியாக இருந்து பழகுவது பற்றி எல்லாம் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

அதற்கு அடுத்த நாள் டயாலிசிஸ். எப்போதும் பஸ்ஸில்தான் போவார்கள். நான் இருந்ததால் தெரிந்தவர் காரை அந்தோணி ஓட்டிவந்தார். திரும்பும்போது பிலோ பின் சீட்டில் துவண்டுபோய்த் தூங்கிவிட்டாள். மண்டகப்பட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அந்தோணி வண்டியை வேப்ப மர நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துவிட்டு மனைவிக்குக் காற்றுப் படும்படி அருகிலேயே நின்றுகொண்டார். ஷாலினியும் நானும் டீயை வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றோம்.

"பெரியம்மா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா?" என்றாள்.

"கேளு."

"இந்தப் படிப்பு நாலு வருஷம். அம்மா நாலு வருஷம் இருப்பாங்களா?"

இந்தக் கேள்வியை என் வேலையில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி, டாக்டரிடம் பேசுங்கள் என்று ஆரம்பிப்போம். அந்த வாக்கியத்தை நான் தமிழில் ஆரம்பித்தும் விட்டேன். ஷாலினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்வதைத் தானும் கேட்டிருப்பதாகவும், நான் சொல்வதைக் கேட்கத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்ததாகவும் சொன்னாள்.

"இருக்க மாட்டா" என்றேன். "ஒரு வருஷம் இருப்பா. கொஞ்சம் கூடவும் இருக்கலாம். நாலு இல்ல."

அவள் அழவில்லை. கையிலிருந்த டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தாள். பிறகு, தாத்தா இறந்தபோது நான் வந்தேனா என்று கேட்டாள். வரவில்லை என்றேன்.

"அது இப்ப எப்டி இருக்குது?"

இப்படி என்னை யாருமே கேட்டதில்லை. என் வீட்டுக்காரர்கூட. சில நாள் அது நினைவுக்கே வராது, சில நாள் அதைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வராது என்று சொன்னேன். அவள் டம்ளரைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து, அம்மாவின் தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தாள்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, தான் செஞ்சிக் கல்லூரியிலேயே தாவரவியல் சேர்வதாக ஷாலினி சொன்னாள். கோயம்புத்தூருக்குப் போகப் போவதில்லை, இது முடிவு, இதைப் பற்றி இனிமேல் யாரும் பேச வேண்டாம் என்றாள். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு அம்மாவுக்கு அளந்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள்.

பிலோ அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஷாலினி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போகும்வரை காத்திருந்தாள்.

"நீ இன்னா சொன்ன அவகிட்ட?"

"கேட்டா. இருக்கறத சொன்னேன்."

"இருக்கறத சொல்லவா உன்ன அங்கேர்ந்து வரச்சொன்னேன்?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் எழுந்து அவள் முதுகைத் தடவப் போனேன். கையைத் தள்ளிவிட்டாள். ஷாலினிக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு, அம்மா போகும்போது அவள் பக்கத்தில் இல்லாமல் போனால் அது ஆறவே ஆறாது, அது எனக்குத் தெரியும் என்றேன்.

"உனக்கு போனவ கத தெரியும். நின்னவ கத உனக்கு தெரியாது" என்றாள். "நைனாவ பாத்துக்கினேன். அதுல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா நைனாவ எடுத்த மறுநா காலைல எழுந்து, இனிமே இன்னா செய்றதுன்னு தெரியாம உக்காந்துனு இருந்தேன் பாரு. எனக்கு இருபத்தேழு வயசு. என்கூட படிச்சவங்க எல்லாம் எங்கெங்கயோ போயிட்டாங்க. எனக்கு மட்டும் போறதுக்கு ஒரு எடம் இல்ல. அந்தக் காலைய என் பொண்ணுக்கும் எழுதி வெச்சிட்டியேக்கா."

இருபது வருடமாக நாங்கள் போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். என்ன குழம்பு, யாருக்குக் கல்யாணம், மழை பெய்ததா, எல்லாம் பேசியிருக்கிறோம். இதை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கோயம்புத்தூரில் சேரக் கடைசித் தேதி அடுத்த வாரம். அந்தத் தேதி வரும்வரை அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம். ஒருநாள் அந்தோணியிடம், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் தம்பி என்று கேட்டேன். அவர் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போன்னு சொன்னா பொண்ணுக்கு துரோகம் பண்ண மாதிரி இருக்குது. இருன்னு சொன்னா பொண்டாட்டிக்கு பண்ண மாதிரி இருக்குது. நான் இன்னா சொல்றது அண்ணி?" என்றார். பிறகு ஸ்டார்ட்டரைத் திரும்பப் பூட்ட ஆரம்பித்தார்.

கடைசித் தேதியன்று ஷாலினி காலையில் தலைக்குக் குளித்தாள், துணி துவைத்தாள், அம்மாவுக்குக் கஞ்சி வைத்தாள். பிலோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவள் எழுந்து உட்கார்ந்தாள். இனிமேல் பேசி ஒன்றும் ஆகப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நான் கிளம்பிய நாள் டயாலிசிஸ் நாள். என் டாக்ஸி வருவதற்கு முன்பே அவர்கள் விழுப்புரம் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. வாசலில் என்னிடம் போய்வருகிறேன் என்று ஷாலினிதான் சொன்னாள். பிலோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

6

செப்டம்பரில் டீனா ஹாலிஃபாக்ஸுக்குப் போனாள். விமான நிலையத்தில் அவளே பெட்டியை எடை போட்டாள், அவளே சீட்டை எடுத்தாள். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே போகுமுன் ஒருமுறை திரும்பிக் கை காட்டினாள். வீட்டுக்கு வந்து அவள் அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். போர்வையை ஒழுங்காக மடித்துப் போட்டிருந்தாள். எப்போதும் அப்படிச் செய்ததே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

பிலோ என்னோடு பேசவில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் அந்தோணி எடுத்து, தூங்குறா அண்ணி என்பார். பின்னால் அவள் இருமுவது கேட்கும். ஷாலினி பேசுவாள். கல்லூரி மதியத்தோடு முடிந்துவிடுவதால், டயாலிசிஸ் நேரத்தை மதியத்துக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடத்தை வாய்விட்டுப் படிப்பாளாம். பக்கத்துப் படுக்கைப் பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுக் கேட்டு இலையின் பாகங்களை எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கிறிஸ்துமஸ் முடிந்து சில நாட்கள் கழித்து, பிலோ தானே கூப்பிட்டாள். நான் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். குளிரில் கைபேசியைக் காதில் வைக்கவே முடியவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

சாப்டியா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பிறகு சொன்னாள்.

"ஷாலினி தெனமும் காலேஜுக்கு போறதுக்கு முன்னாடி எனக்கு தல வாரி பின்னி விட்டுட்டு போறாக்கா. கால புடிச்சி விடுறா. பக்கத்துலயே படுத்துக்கறா. நல்லாதான் இருக்குது. அதான் எனக்கு கோவமா இருக்குது."

உம் என்றேன். டீனா போன் செய்கிறாளா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை செய்வாள், சில வாரம் மறந்துவிடுவாள் என்றேன். அவள் செய்யாவிட்டால் நீயே செய், கோபித்துக்கொள்ளாதே என்றாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், நான் வேலையிலிருந்து வந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அந்தோணி கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. எழுந்து உட்காரும்போது பிலோவுக்கு மூச்சு திணறியிருக்கிறது. ஷாலினி நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது, உங்களுக்காக வைக்கட்டுமா அண்ணி என்று கேட்டார். இங்கே இரண்டு நாளாகப் பனிப்புயல். விமானம் எதுவும் கிளம்பவில்லை. வழி திறந்தாலும் நான் போய்ச் சேர இன்னும் இரண்டு நாள் ஆகும். பிலோவை அத்தனை நேரம் பெட்டியில் போட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்காக வைக்க வேண்டாம் தம்பி, இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றேன். மாவு கையிலேயே காய்ந்துபோயிருந்தது.

டீனாவைக் கூப்பிட்டேன். அவளோடு நான் எப்போதும் தமிழில்தான் பேசுவேன்.

"சித்தி போயிட்டாங்கம்மா" என்றேன்.

"எங்க போனாங்க?" என்று கேட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. என் தங்கை இறந்ததை நான் வாய்விட்டுச் சொன்னது முதலில் ஆங்கிலத்தில்தான். டீனா அழுதாள். வரட்டுமா என்று கேட்டாள். பரீட்சை நேரம், வேண்டாம் என்றேன். வந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

7

போன ஜூனில் ஷாலினியிடம் ஒன்று சொல்லிப் பார்த்தேன். அதே மார்க்கை வைத்துக் கோயம்புத்தூருக்குத் திரும்பவும் விண்ணப்பிக்கலாம், ஒரு வருடம்தான் போயிருக்கிறது, விசாரித்துவிட்டேன் என்றேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, நடவு நேரம், வீட்டில் வேறு யாரும் இல்லை என்றாள். நானும் விடாமல் அந்தோணியைக் கூப்பிட்டேன். தானே சமைத்துக்கொள்வதாக அவர் மகளிடம் எத்தனையோ தடவை சொல்லியும் அவள் கேட்கவில்லையாம். பிலோ எதற்குப் பயந்தாளோ அது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நான் இங்கே வின்னிபெக்கில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா கடைசி மூச்சு விட்டபோது பக்கத்தில் இருந்தது ஷாலினிக்குக் கிடைத்தது. எனக்கு அப்படி ஒன்று நைனாவிடமும் கிடைக்கவில்லை, பிலோவிடமும் கிடைக்கவில்லை. அதற்காக அவள் கொடுத்தது அதிகமா, சரியா, குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. டீக்கடையில் நான் பொய் சொல்லியிருந்தால் அவள் இப்போது கோயம்புத்தூரில் மூன்றாம் பருவத்தை முடித்திருப்பாள். அம்மா போன செய்தி விடுதியில் யாரோ ஒருத்தியின் போனில் அவளுக்கு வந்திருக்கும். இரண்டையும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் ஷாலினி அழுதுகொண்டுதான் இருக்கிறாள்.

போன வாரம் ஆண்டுத் திருப்பலி முடிந்ததும் ஷாலினி போனை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வெளியே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அம்மாவின் பழைய புடவை ஒன்றை உடுத்தியிருந்தாள். வந்தவர்களுக்கு அப்பா இட்லி பரிமாறிக்கொண்டிருக்கிறார் என்று திருப்பிக் காட்டினாள். அந்தோணி தோளில் துண்டோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். கல்லூரி எப்படிப் போகிறது என்று கேட்டேன். நன்றாகப் போகிறது, இந்தத் தடவை வகுப்பில் முதல் மார்க் என்றாள். பட்டம் முடித்தபின் மேலே படிக்க வேண்டும் என்று இருப்பதாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரே பரபரப்பு. இங்கே இன்ன யுனிவர்சிட்டியில் தாவரவியலுக்கு நல்ல பெயர், அப்பாவை யாராவது பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம், இல்லையென்றால் கோயம்புத்தூரிலேயே மேல்படிப்பு இருக்கிறது, நான் விசாரிக்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் குறுக்கே பேசாமல் நான் முடிக்கும்வரை கேட்டாள்.

"இந்த தடவ நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க பெரியம்மா" என்றாள். "நானே பாத்துக்கறேன்."

குரலில் கோபம் இல்லை. வயதான ஒருவரைக் கை பிடித்து உட்காரவைப்பதுபோல அத்தனை பதமாகச் சொன்னாள். அந்தப் பதம்தான் தாங்க முடியவில்லை.

சரிம்மா என்றேன். சரி பெரியம்மா என்றாள். ஆனாலும் அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அங்கே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.